பழைய காரும் பட்டறைக் கையும்: டியூரினிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கரை வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பின்னேரத் தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு முற்றத்தில் வைத்து, ஆணி ஆணியாகக் கழற்றி, கழுவி, துருவைச் சுரண்டி, திரும்பப் பூட்டி ஓட வைக்கும் வீடியோக்களை எமது பிள்ளைகள் இப்போது இரவிரவாகப் பார்க்கிறார்கள். அடுத்த நாள் பாடசாலையிலும் அதே கதைதான். ஆனால் கதை எங்கே தொடங்கினாலும் முடிவது ஒரே இடத்தில்: "அதெல்லாம் வெளிநாட்டுக் காசுக்காரன்ட வேலை சேர். நமக்கெங்க அது?"

இந்த "நமக்கெங்க" என்ற சொல்லுக்கு வரலாற்றில் நல்லதொரு பதில் இருக்கிறது. இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் இதயம் ஒரு சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதன் உடம்பைத் தட்டி எடுத்தவர்கள் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போன பிள்ளைகள். பொருள் தட்டுப்பாடுதான் அவர்களின் ஆசான். அதே ஆசானிடம் எமது வாவிக்கரை மனிதர்களும் பல ஆண்டுகள் பாடம் படித்திருக்கிறார்கள். அவர்களின் கதை எழுதப்பட்டது. எம்மவர்களின் கதை எழுதப்படவில்லை. இந்தப் பதிவின் கவலை அதுதான்.

முதலில் இத்தாலிக்குப் போவோம்.

டியூரின் நகரில் 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் பியட் கம்பனி தொடங்கியது. அந்தக் கம்பனியின் பெரிய மூளை டாண்டே ஜியகோசா என்ற பொறியியலாளர். 1936இல் வந்த 'டோபோலினோ' என்ற சின்னக் கார் அவருடையது. அடுத்த ஆண்டு, 1937இல், 508சீ என்ற கார் வந்தது. எஞ்சின் 1089 சீசீ. சில ஆண்டுகளில் அதையே '1100' என்று அழைக்கத் தொடங்கினார்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடைக்கும் கலியாணத்துக்கும் போவதற்குச் செய்த கார் அது. பந்தயத்தை நினைத்துச் செய்ததல்ல.

ஆனால் அந்த எஞ்சின் கெட்டிக்கார எஞ்சின். வால்வுகள் மேலே ஹெட்டில் இருந்தன. சின்ன உடம்புக்குள் நல்ல மூச்சு. அதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் என்சோ பெராரி. அல்பா ரோமியோவை விட்டு விலகியபோது செய்த உடன்படிக்கையின்படி நான்கு ஆண்டுகளுக்கு அவர் தன் சொந்தப் பெயரில் பந்தயக் கார் செய்ய முடியாது. ஆகவே மொடெனாவில் வேறொரு பெயரில் பட்டறை வைத்து, 1940இல் '815' என்ற காரைச் செய்தார். எட்டு சிலிண்டர், ஆயிரத்து ஐந்நூறு சீசீ. பியட் 508சீ காரின் பாகங்களை வைத்துத்தான் அந்தக் கார் உருவானது. இரண்டே இரண்டு கார்கள். அந்த ஆண்டு பிரேசியா பந்தயத்தில் இரண்டும் ஓடி, இரண்டும் முடிவுக்கோட்டை எட்டாமல் நின்றுபோயின. இன்று உலகமே வாயைப் பிளந்து பார்க்கும் பெராரியின் கதை, ஒரு குடும்பக் காரின் ஸ்பெயார் பார்ட்ஸில்தான் தொடங்குகிறது.

பிறகு யுத்தம். குண்டுவீச்சில் தொழிற்சாலைகள் சிதைந்தன. இரும்பு இல்லை, ரப்பர் இல்லை, எரிபொருள் இல்லை. அந்த நிலையில் பியேரோ டூசியோ என்ற வியாபாரி, பந்தயக் கார் செய்து தரும்படி ஜியகோசாவைக் கேட்டார். டூசியோவின் கையில் காசு இருந்தது. ஆனால் அன்றைய இத்தாலியில் காசு கொடுத்தாலும் பொருள் கிடையாது. எனவே கிடைப்பதை வைத்துச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஜியகோசா பகலில் பியட்டில் வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் இதற்கான வரைபடங்களைப் போட்டார். அதே 1100 எஞ்சின், பியட்டின் சில்லுத் தொகுதி, மெல்லிய குழாய்களை ஒட்டிச் செய்த சட்டம். 1946இல் 'சிசிடாலியா டி46' களத்தில் இறங்கியது.

அந்த ஆண்டு டியூரின் பந்தயத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இத்தாலியர்கள் இன்றும் சொல்வார்கள். டாசியோ நுவோலாரி என்ற பேர்போன ஓட்டுநர் சிசிடாலியாவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் சில்லு கழன்று கையோடு வந்துவிட்டது. மனிசன் ஒரு கையில் அந்தச் சில்லைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்துக் காரை ஓட்டினார். அடுத்த ஆண்டு, 1947 மில்லே மிலியா பந்தயத்தில், கூரையில்லாத சிசிடாலியா 202 காரில் கொட்டும் மழைக்குள் ஓடி இரண்டாமிடம் எடுத்தார். முதலிடம் வந்த அல்பா ரோமியோவின் எஞ்சின் இதைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது.

அந்த 202இன் மூடிய வடிவத்துக்கு உடம்பு கொடுத்தவர் பினின் பரினா. 1951இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 'எட்டு கார்கள்' என்ற கண்காட்சியை வைத்தபோது அதில் இதுவும் ஒன்று. பின்னர் 1972இல் அதே அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பிலும் ஒரு சிசிடாலியா சேர்ந்தது. ஓவியமும் சிற்பமும் வைக்கும் இடத்தில் ஒரு கார். அதன் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது குடும்பக் கார் எஞ்சினின் வழிவந்தது.

இப்போது அந்த உடம்பைத் தட்டிய கைகளைப் பார்ப்போம். பினின் பரினா தன் அண்ணனின் பட்டறையில் சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். செர்ஜியோ ஸ்காலியெட்டி இன்னொருவர். 1920இல் பிறந்தவர். தகப்பன் இறந்ததால் பதின்மூன்று வயதில் கார் உடம்பு செய்யும் பட்டறைக்குப் போனார். பின்னர் பெராரி தொழிற்சாலைக்கு முன்னால் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். அவர் திருத்திக் கொடுத்த ஒரு காரின் வேலையைப் பார்த்துத்தான் பெராரி அவரைக் கூப்பிட்டதாகச் சொல்வார்கள். மண் நிரப்பிய பையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, கண்ணளவில் வளைவை எடுப்பார். இன்று ஏலத்தில் கோடிக்கணக்கான டொலருக்குப் போகும் பெராரி 250 ஜிடிஓ கார்களின் உடம்பு அவருடைய பட்டறை வேலை. மொத்தமே 36 கார்கள். கையால் தட்டியதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

எமது ஊர் டிங்கர் பாஸ்மாரின் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதே மண் பை, அதே மரச் சுத்தியல், அதே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கும் பார்வை. 'பாஸ்' என்ற சொல்லே டச்சுக்காரன் விட்டுச்சென்றது. எசமான், தலைமைத் தொழிலாளி என்று பொருள்படும் 'பாஸ்' என்ற டச்சுச் சொல் அது. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்களின் மொழி. கோட்டை சுற்றுலாத் தலமாகிவிட்டது. சொல் மட்டும் இன்னும் கராஜ்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எமது பக்கத்துக்கு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வந்ததா என்று கேட்காதீர்கள். எமது தெருவுக்கு வந்தது இத்தாலியின் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பியஜியோ கம்பனியின் விமானத் தொழிற்சாலை யுத்தத்தில் நாசமானது. அங்கே விமானம் வடிவமைத்த கொரடினோ டஸ்கானியோ, 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். வெஸ்பாவின் முன்சில்லை ஒரு பக்கத்தால் மட்டும் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள், அது விமானச் சில்லின் முறை. 1948இல் அதே கம்பனி 'ஆபே' என்ற மூன்று சில்லு வண்டியைச் செய்தது. இந்தியாவின் பஜாஜ் கம்பனி பியஜியோவின் அனுமதியோடு அவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் ஆட்டோவின் மூத்தவாப்பா ஓர் இத்தாலியன்.

பியட் 1100உம் அப்படித்தான் ஆசியாவுக்கு வந்தது. 1953இல் அதன் புதிய வடிவம் வெளிவந்தது. பம்பாயின் பிரீமியர் கம்பனி அதைச் செய்யத் தொடங்கியது. 1962இல் இத்தாலியில் வந்த 1100டீ வடிவம், இந்தியாவில் 1970களில் 'பிரீமியர் பத்மினி' என்ற பெயரைப் பெற்றது. டியூரினில் 1969இல் நின்றுபோன கார், பம்பாயில் இன்னும் முப்பது ஆண்டுகளளவு பிறந்துகொண்டே இருந்தது. பம்பாய் டாக்சி என்றால் பத்மினிதான். 2023 ஒக்டோபரில்தான் கடைசி டாக்சி வீதியை விட்டுப் போனது. டியூரின் கைவிட்ட காரின் பாகங்களை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது பம்பாயின் பட்டறைகள்.

இலங்கைக்கு வருவோம். சுதந்திரத்தை அண்டிய ஆண்டுகளில் இங்கே மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், பியட், போர்ட் என்று எல்லாம் வந்திறங்கின. தேயிலையும் ரப்பரும் காசு கொண்டுவந்த காலம். 1950களின் கடைசியில் அந்தக் காசு வற்றத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். 1970 தொடக்கம் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பாணுக்கும் புடவைக்கும் வரிசையில் நின்ற காலத்தை எமது மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் பிஸ்டன் ரிங்குக்கும் பிரேக் ரப்பருக்கும் எங்கே போவது?

அங்கேதான் எமது பட்டறைகளின் பல்கலைக்கழகம் தொடங்கியது. தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, வேறொரு வாகனத்தின் பிஸ்டனை அளவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். லொறி ஸ்பிரிங் தகட்டை வெட்டிக் காருக்குப் பொருத்தினார்கள். பழைய டியூபை வெட்டி ரப்பர் வாஷர் செய்தார்கள். தகர பீப்பாவைத் தட்டி மட்கார்ட் எடுத்தார்கள். கம்பனிப் புத்தகம் இல்லை. இருந்தாலும் அது ஆங்கிலத்தில். புத்தகம் பாஸின் தலைக்குள் இருந்தது. பொடியன்கள் அதைக் கையால் படித்தார்கள்.

ஒரு கட்டத்தில் நாட்டுக்குள்ளேயே கார் பொருத்தும் முயற்சியும் நடந்தது. உபாலி விஜேவர்தனவின் கம்பனி மஸ்டாவையும் பியட்டையும் இங்கே பொருத்தி, 'யூஎம்சி மஸ்டா', 'உபாலி பியட்' என்று வீதிக்கு விட்டது. 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அவரது விமானம் மலாக்கா நீரிணைக்கு மேல் காணாமல் போனது. உள்ளூர்க் கார் என்ற கனவைப்பற்றிப் பேசுபவர்கள் அவர் பெயரை இன்றும் சொல்வார்கள்.

பழைய காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே நாட்டின் வரலாறு தெரியும். ஈஎல், ஈஎன், ஈவை என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது வெள்ளைக்காரன் கால முறையின் தொடர்ச்சி. அதன்பின் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. 1957, 58 காலத்தில் அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார்ச் சட்டிகள் தூக்கப்பட்டன. 1958இல் நாட்டில் இரத்தம் சிந்தியது. பழைய காரைத் திருத்தும்போது பளபளப்புக்காகப் புதுப் பிளேட் அடித்துப் பூட்டுபவர்கள், ஒரு பாடப்புத்தகத்தின் பக்கத்தைக் கிழிக்கிறார்கள் என்றுதான் சொல்வோம்.

இனி எமது வாவியின் கதை. 56 கிலோமீற்றர் நீளமான உவர்நீர் ஒரு பக்கம், வங்கக் கடல் மறுபக்கம். இடையில் ஒரு கீற்று நிலத்தில் நாம் வாழ்கிறோம். இந்தக் காற்றில் இரும்பு வைத்திருப்பது ஐஸ்கட்டியை வெயிலில் வைத்திருப்பது போன்றது. ஈரம் மட்டும் இருந்தால் இரும்பு மெதுவாகத் துருப்பிடிக்கும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சின்ன பற்றரி வேலை என்பதை விஞ்ஞான ஆசிரியர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். உப்பு அந்த பற்றரியை வேகமாக ஓட வைக்கிறது.

1924இல் கல்லடிப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்க ஓடமும் பாதையும்தான். மண்முனையில் 2014இல் பாலம் வரும் வரை 'பாதை'யில்தான் ஏறினோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் உவர்நீரை ஒட்டியே போய்வந்த வாகனங்களின் அடித்தகடு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று தண்ணீர் வந்து வந்து போன பூமி இது. கடல்நீர் ஏறிய எஞ்சினை எவ்வளவு வேகமாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் பூசி வைக்க வேண்டும் என்பதை எமது பாஸ்மார் பட்டே படித்தார்கள்.

வீட்டில் காரைத் திருத்தும் ஒருவர் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். பியட் 1100இன் 1953 வடிவத்துக்கும் மொரிஸ் மைனருக்கும் லொறியைப்போலத் தனியான சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும், கூரையும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அந்தப் பெட்டி உள்ளுக்குள் உக்கிவிட்டால், மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தாலும் கார் நடுவில் தொய்யும். கதவு ஒழுங்காகப் பூட்டாது. கை தேர்ந்த பாஸ் காரை வாங்க வந்தவரிடம் பெயின்டைக் காட்ட மாட்டார். கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொல்வார். கதவு பொய் சொல்லாது.

வெட்டி ஒட்டும்போது கதவுகளைப் பூட்டிவைத்து, உள்ளே கம்பிகளால் முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கார் முறுகிவிடும். அடுத்தது எஞ்சின். பியட் 1100இன் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவுக்கு விரிவதில்லை. தண்ணீர் குறைந்து சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். வளைந்த ஹெட்டைப் பட்டறையில் மட்டம் எடுக்கும்போது எவ்வளவு சுரண்டுவது என்பதில்தான் கை இருக்கிறது. கூடச் சுரண்டினால் அழுத்தம் கூடி எஞ்சின் தட்டும். இத்தாலியில் பந்தயத்துக்கு எஞ்சினைத் தயாரித்தவர்கள் வேகத்துக்காக வேண்டுமென்றே அழுத்தத்தைக் கூட்டினார்கள். எமது பாஸ்மார் கிடைக்கும் பெற்றோலுக்கு ஏற்ப அதைக் கட்டுப்படுத்தினார்கள். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள்.

யுத்த காலம் இந்த அறிவை இன்னும் கடுமையாகச் சோதித்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, கூடிய அழுத்தத்தில் தட்டும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. புதிய ஜப்பான் கார்கள் தரையில் நிற்க, ஐம்பது வயதுக் கார்கள் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு போயின.

எமது பக்கத்தில் 1990 வேறொரு காயத்தையும் தந்தது. அந்த ஆண்டு நடந்தவற்றை இங்கே விவரிக்க வேண்டியதில்லை, எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னர் தமிழ் பாஸிடம் முஸ்லிம் பொடியனும், முஸ்லிம் பாஸிடம் தமிழ்ப் பொடியனும் தொழில் பழகினார்கள் என்பதை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரர் எங்களவர், வெல்டிங் பாஸ் அவர்களவர், கார்ச் சொந்தக்காரர் யாரோ. ஒரே காருக்கடியில் இரண்டு பேர் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது யார் எவர் என்று கிறீஸ் கேட்பதில்லை. பழைய காரை மீட்கும் வேலை இன்று திரும்பவும் அப்படியான இடங்களை உண்டாக்குமென்றால், அதுவே பெரிய மீட்பு.

எமது கைவேலைக்கு வெளியில் மதிப்பு இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. மொரிஸ் மைனர் 1948 தொடக்கம் 1970களின் ஆரம்பம் வரை இங்கிலாந்தில் தயாரான கார். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான். தயாரிப்பு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு, பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து அந்தக் காரின் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வெள்ளைக்காரன் தன் காரைத் திருத்த எமது நாட்டின் கைகளைத் தேடி வந்தான். இறக்குமதித் தடைக்காலத்தில் கற்ற வித்தை ஏற்றுமதிப் பொருளானது.

இனி, 'மீட்டெடுத்தல்' என்றால் என்ன என்ற கேள்வி. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் 'டியூரின் சாசனம்' என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு 1964இல் வந்த வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. சாரம் இதுதான்: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று. தேவையான இடத்தில் மட்டும் திருத்து. செய்த மாற்றத்தை எழுதி வை. பளபளப்பாக்குவதற்காக வரலாற்றை அழிக்காதே.

2015 பெப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலமொன்று இதைக் காசிலும் காட்டியது. பிரான்சின் பண்ணைக் கொட்டகையொன்றில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே பல ஆண்டுகளாகக் கிடந்த பெராரி 250 ஜிடி கலிபோர்னியா கார், தூசியோடேயே ஒரு கோடியே அறுபது இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. தூசியும் அதன் கதைதான் என்று வாங்கியவர் நினைத்தார்.

ஆனால் அதே சம்மேளனத்தின் வரைவிலக்கணத்தில் எமக்கு ஒரு பிணக்கு உண்டு. வரலாற்று வாகனம் என்றால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், சரியான நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும், நாளாந்தப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்கிறார்கள். எமது கார்கள் நாளாந்தம் ஓடியதால்தான் பிழைத்தன. பியட்டுக்குள் டொயோட்டா எஞ்சினும், மொரிஸுக்குள் டட்சன் கியர்பொக்ஸும் இருந்தால் அது அசல் இல்லை என்று அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். எமக்கு அந்த டட்சன் கியர்பொக்ஸ்தான் 1970களின் சாட்சி. இல்லாமையில் ஒரு சமூகம் என்ன செய்தது என்பதை அந்த ஒட்டுவேலை சொல்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்தில் இருந்து அசல் பாகம் கொண்டுவந்து பூட்டினால், கார் அழகாகும், எமது வரலாறு அதிலிருந்து இறங்கிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால், கழற்றியதை எழுதி வைத்து, படம் எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். பழைய வாகனங்களைப் பிடித்து வைத்திருந்தவர்களை ஊர் திரும்பிப் பார்த்தது. பட்டறைகளில் மறுபடி கூட்டம். 2025 பெப்ரவரியில் தடை நீங்கியது. புதிய வாகனங்கள் வருகின்றன, வரட்டும். ஆனால் நெருக்கடி வரும்போது மட்டும் பாஸைத் தேடி ஓடுவதும், நெருக்கடி போனதும் அவரை "பழைய இரும்புக்காரர்" என்று மறந்துவிடுவதும் எமக்குப் பழக்கமாகிவிட்டது. 1977க்குப் பிறகும் இதைத்தான் செய்தோம்.

அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பாஸ் மௌத்தாகும்போது அவருடைய கருவிப் பெட்டி பிள்ளைகளுக்கு வரும். தலைக்குள் இருந்த புத்தகம் மண்ணுக்குள் போய்விடும். இத்தாலிக்காரன் ஸ்காலியெட்டியின் சுத்தியலைப் பற்றி நூல்கள் எழுதிவிட்டான். எமது டிங்கர் பாஸ் தட்டிய மட்கார்டைப் பற்றி ஒரு பக்கம்கூட எங்களிடம் இல்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலிருந்து இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் செயற்றிட்டமாக, ஊரிலுள்ள ஒரு மூத்த பாஸைச் சந்தித்து, அவர் செய்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை எழுதச் சொல்லலாம். அவர் பயன்படுத்தும் சொற்களையும் அப்படியே எழுதட்டும். அந்தச் சொற்களும் போகப்போகின்றன.

வீட்டில் பழைய கார், வெஸ்பா, லாம்பிரெட்டா எது நின்றாலும், இரும்புக் கடைக்காரருக்குக் கொடுக்க முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எஞ்சின் இலக்கம், சட்ட இலக்கம், நம்பர் பிளேட் மூன்றையும் குறித்து வையுங்கள். பழைய பதிவுப் புத்தகத்தை எறியாதீர்கள். அதில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் சொந்தக்காரர்களின் பெயர்ப்பட்டியல், ஊரின் எழுபது ஆண்டு வரலாறு.

வீட்டில் வைத்துத் திருத்த ஆசைப்படும் தம்பிமாருக்கு: சின்னதாகத் தொடங்குங்கள். பெராரி தேவையில்லை, ஒரு வெஸ்பா போதும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். காருக்கடியில் ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், கட்டை கொடுங்கள். வெல்டிங் செய்ய முன் பெற்றோல் டாங்கியைக் கழற்றித் தூரமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு பாஸை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். வீடியோவில் இல்லாத பாடம் அவரிடம் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பைக் காப்பாற்றும் பாடம் அது. டியூரின்காரனுக்கு அது தெரியாது.

உங்கள் வாப்பாவோ, மாமாவோ, அயலவரோ இந்தத் தொழிலில் இருந்திருந்தால், அவர்கள் எந்த ஆண்டுகளில், எந்த வாகனத்தில், யாரிடம் வேலை பழகினார்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். பழைய படங்கள் இருந்தால் மிக நல்லது. தமிழ், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எல்லோருடையதையும் சேர்ப்போம். சேர்ந்தவற்றை ஒழுங்குபடுத்திப் பாடசாலை நூலகத்தில் வைக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.